மார்கழி மனமும் தை மனமும்

காவிரிப் பாசனப் பகுதியில் மார்கழி மாதம் இரண்டு முகம் கொண்டது. சாலையில் செல்பவர் கண்ணுக்கு அது நிறைவின் மாதம். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து திருவையாறு வரை சம்பாப் பயிர் கதிர் வாங்கிப் பால் பிடித்துத் தலை சாய்க்கத் தொடங்கியிருக்கும். ஆனால் அந்தப் பயிரை வளர்த்தவரின் வீட்டுக்குள் சென்று பார்ப்பவருக்கு அது வெறுமையின் மாதம். நாற்றங்காலுக்கு ஒரு கடன், நடவுக்கு ஒரு கடன், உரத்துக்கு ஒரு கடன் என்று அடுக்கிய சுமையெல்லாம் ஒன்றாய்க் கூடி நிற்கும் வேளை அது. வயலில் நெல் இருக்கும். குதிரில் நெல் இராது. திருச்சபையின் ஆண்டிலோ அதே நாள்களில்தான் திருவருகைக் காலம் முடிந்து கிறிஸ்து பிறப்பு விழா வருகிறது. பிள்ளைகள் புத்தாடை கேட்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அப்படி ஒரு மார்கழி மாலையில், நம் பங்கைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுபவர். மகனுடைய கல்லூரிக்கு ஒரு சான்றுக் கடிதம் கேட்டு வந்தவர், பேச்சினிடையே தாம் செய்த ஓர் ஏற்பாட்டைச் சொன்னார். வயலில் நிற்கும் நெல்லை அறுப்பதற்கு முன்னரே ஒருவருக்கு விலை பேசி முன்பணம் வாங்கிவிட்டார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கிடைக்கும் விலையைவிட அது மிகக் குறைவு. அந்தப் பணமும் கையில் தங்கவில்லை. மற்றொரு கடனின் வாரத் தவணைக்குப் போய்விட்டது.

நாம் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினோம். மூட்டைக்கு இவ்வளவு இழப்பு, மொத்தம் இவ்வளவு, இந்த இழப்பில் இரண்டு தவணை கட்டியிருக்கலாமே என்று கேட்டோம். "இன்னும் முப்பது நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று நம் குரல் சற்று உயர்ந்ததும் உண்மை. அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இப்ப நீங்க சொல்லும்போது கணக்கு நல்லாப் புரியுதுங்க சாமி. அன்னைக்கு இது எதுவும் தோணலைங்க" என்றார்.

அடுத்த ஞாயிறன்று நாம் விவேகத்தைப் பற்றி மறையுரை ஆற்றினோம். விளக்கோடு எண்ணெய் கொண்டு போகாத ஐந்து கன்னியரைப் பற்றிப் பேசினோம். பெயர் சொல்லவில்லை, ஆயினும் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த அந்தப் பெரியவர் தலை நிமிரவே இல்லை.

அறுவடை முடிந்து மாசி மாதம் பங்குக் கணக்குகளைச் சரிபார்க்கப் பெரியவர்கள் கூடினர். அவரும் வந்திருந்தார். பொருளாளரும் நாமும் இரண்டு முறை பார்த்துச் சரியென்று ஒப்பமிட்டிருந்த கணக்கில், ஒரு தொகை இருமுறை ஏறியிருப்பதை ஐந்து நிமிடத்தில் விரல் வைத்துக் காட்டியவர் அவரே. மார்கழியில் எளிய கழித்தல் கணக்குத் தோன்றாத அதே மனிதர் அவர். அன்று நம் உள்ளத்தில் ஒரு கேள்வி முளைத்தது. மார்கழியில் கண்டவர் யார், மாசியில் கண்டவர் யார்? இருவரில் எவரைப் பார்த்து நாம் 'விவேகமற்றவர்' என்று தீர்ப்பிட்டோம்?

கரும்புக் காட்டில் ஓர் ஆய்வு

இந்தக் கேள்வியை அறிவியல் முறையில் எழுப்பியவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவர்கள் ஆய்வு நடத்திய இடம் நமக்குத் தொலைவன்று. கொள்ளிடத்துக்கு வடக்கே விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 சிற்றூர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் அது நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ என்னும் நால்வர், பொருளியலும் உளவியலும் கற்றவர்கள், அதன் முடிவுகளை 2013-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர்.

கரும்பு விவசாயிக்குப் பெரும்பணம் ஆண்டுக்கு ஒரு முறை, வெட்டு முடிந்த பிறகே வருகிறது. ஆகவே அவர் ஒரே ஆண்டில் சிலகாலம் வறியவராகவும் சிலகாலம் ஓரளவு வசதியுள்ளவராகவும் வாழ்கிறார். ஆய்வாளர் பிடித்துக்கொண்ட நுனி இதுவே. ஏழை ஒருவரையும் செல்வர் ஒருவரையும் ஒப்பிட்டால், கல்வி, வளர்ப்பு, உடல்நலம் என ஆயிரம் வேறுபாடுகள் குறுக்கிடும். இங்கே ஒப்பிடப்படுபவர் ஒரே மனிதர். வெட்டுக்கு முன் அவர், வெட்டுக்குப் பின் அவர்.

இருவகைச் சோதனைகள் தரப்பட்டன. ஒன்றில், வடிவங்கள் நிறைந்த படத்தில் விடுபட்ட துண்டு எதுவெனக் கண்டுபிடிக்க வேண்டும். மற்றொன்றில், எண்ணைப் படிக்காமல் அது எத்தனை முறை எழுதப்பட்டுள்ளது என்று சொல்ல வேண்டும். 5 என்னும் இலக்கம் மூன்று முறை எழுதியிருந்தால், 'மூன்று' என்பதே விடை. நாவோ 'ஐந்து' என்று சொல்லத் துடிக்கும். முதலாவது ஆராய்ந்தறியும் திறனையும், இரண்டாவது துடிப்பை அடக்கும் திறனையும் காட்டுவது. இரண்டிலும் அதே விவசாயி வெட்டுக்குப் பின் தெளிவாகவும், வெட்டுக்கு முன் தடுமாற்றத்தோடும் இருந்தார். படப்புதிர்களில் வெட்டுக்குப் பின் சரியாகச் சொன்ன விடைகள் ஏறத்தாழக் கால் பங்கு அதிகம்.

இடைப்பட்ட காலத்தில் மாறியது என்ன? வெட்டுக்கு முன் 78 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். வெட்டுக்குப் பின் அவ்வாறு வைத்திருந்தவர் 4 விழுக்காட்டினரே. இந்த இரண்டு எண்களுக்கு இடையில் எத்தனை குடும்பங்களின் கழுத்தும் காதும் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பசியால் மயங்கினார்களோ என்ற ஐயம் எழும். உணவுக்குச் செலவிட்டதில் இரு காலங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று ஆய்வாளர் கண்டனர். பருவகாலம் காரணமோ என்றால், ஆலைகள் முறைவைத்து வெட்டு உத்தரவு தருவதால், ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், பக்கத்து வயல்காரர் காத்திருப்பார். உடலில் மன அழுத்தத்தின் அடையாளங்களையும் அளந்தனர். வெட்டுக்கு முன் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடியிருந்தன. ஆயினும் அந்த அழுத்தம் மட்டுமே தடுமாற்றத்துக்கு முழுக் காரணம் அன்று. பணத்தைப் பற்றிய ஓயாத எண்ணம் மனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது; பிற காரியங்களுக்கு மீதி இருப்பது குறுகிப்போகிறது என்பதே அவர்கள் கூறும் விளக்கம்.

அதே ஆய்வாளர் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலக் கடைவளாகம் ஒன்றிலும் சோதனை செய்தனர். காரைப் பழுதுபார்க்கச் சிறு தொகை ஆகும் என்று எண்ணச் சொன்னபோது ஏழையும் வசதியுள்ளவரும் ஒரே அளவு திறமை காட்டினர். பெருந்தொகை ஆகும் என்று எண்ணச் சொன்ன அளவிலேயே ஏழையின் திறமை சரிந்தது. ஓர் இரவு முழுதும் உறங்காத மனிதரின் நிலையோடு அச்சரிவை அவர்கள் ஒப்பிட்டனர். நெருப்புக்கு நடுவே உறங்கினாலும் உறங்கலாம், வறுமைக்கு நடுவே உறங்க இயலாது என்ற கருத்தைத் திருவள்ளுவர் 'நல்குரவு' அதிகாரத்தில் வைத்திருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. நற்குடிப் பிறந்தவரையும் சோர்வுக்கு ஆளாக்கி இழிசொல் பேச வைப்பது வறுமை என்றும் அவர் கண்டார்.

அறிவியலில் ஒரே ஓர் ஆய்வு இறுதித் தீர்ப்பாகிவிடாது. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைக் குடும்பத்தினரைச் சோதித்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய அறிவுத் தடுமாற்றம் எதையும் காணவில்லை. சில நாள்களில் வரும் சம்பளத்துக்காகக் காத்திருப்பதும், ஆண்டு முழுதும் ஒரே விளைச்சலுக்காகக் காத்திருப்பதும் ஒன்றல்ல என்பது நம் எண்ணம். ஒடிசாவில் இலைத்தட்டுத் தைக்கும் தொழிலாளரிடையே நடந்த பின்னைய ஆய்வு ஒன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. கூலியில் ஒரு பகுதியைச் சிலருக்கு முன்னதாகவே கொடுத்தார்கள். மொத்தக் கூலியில் மாற்றமில்லை. ஆயினும் முன்னதாகப் பெற்றவர்கள் அதிகத் தட்டுகள் தைத்தார்கள். வேலையில் தவறுகளும் குறைந்தன. மிக வறியவரிடத்தில் இந்த மாற்றம் மிகுதியாக இருந்தது. கைக்கு வந்த காசு, கவனத்தைத் திருப்பித் தந்தது.

கவலை என்னும் கவர்வழி

தமிழில் 'கவலை' என்ற சொல்லுக்குப் பழைய நூல்களில் ஒரு பொருள் உண்டு. ஒரு பாதை பலவாகப் பிரியும் கவர்த்த வழிக்குக் 'கவலை' என்று பெயர். அங்கே நிற்கும் வழிப்போக்கனுக்குக் கால் ஓரிடத்தில் இருக்கும். மனம் பல திசையில் ஓடும். நற்செய்தியில் ஆண்டவர் "கவலை கொள்ளாதீர்" என்ற கருத்தில் பேசும் இடத்தில் வரும் கிரேக்கச் சொல்லையும், பிரித்தல் அல்லது பகுத்தல் என்ற பொருள் தரும் சொல்லோடு சேர்த்துக் காண்பது விரிவுரையாளர் பலரின் வழக்கம். பிரிந்த மனமே கவலை என்பதில் நம் மொழியும் அந்த மொழியும் ஒன்றுபடுகின்றன. ஆய்வாளர் புதிர்ப் படங்களைக் கொண்டு அளந்ததும் இதைத்தான்.

இதை ஏற்றால், நம் அன்றாடத் தீர்ப்புகள் பலவற்றை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. 'கையில் காசு நிற்காது', 'நாளையைப் பற்றி நினைக்கத் தெரியாதவர்கள்', 'கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறார்கள்' என்று நாம் எளிதில் பேசிவிடுகிறோம். 'விவேகமில்லாததால் வறுமை' என்று காரணத்தை ஓரிடத்தில் நாட்டுகிறோம். வறுமையால் விவேகம் குறையவும் கூடுமென்றால், காரணத்தையும் விளைவையும் நாம் இடம் மாற்றி வைத்திருக்கிறோம்.

யாருடைய பாவம்?

குருமடத்தில் ஒழுக்கவியல் இறையியல் கற்றபோது, சாவான பாவத்துக்கு மூன்று கூறுகள் வேண்டுமென்று மனனம் செய்தோம்: கனமான பொருள், முழு அறிவு, முழு மனச்சம்மதம். முதலாவதைப் பற்றி ஏடு ஏடாக எழுதினோம். மற்ற இரண்டையும் சில வரிகளில் கடந்துபோனோம். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் காலத்தில் 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1735-ஆம் எண்ணில், அறியாமை, அச்சம், வற்புறுத்தல், பழக்கம் ஆகியவற்றோடு உளவியல், சமூகக் காரணங்களும் ஒரு செயலுக்கான பொறுப்பைக் குறைக்கவோ, முற்றிலும் நீக்கவோ கூடும் என்று கற்பிக்கிறது. இது உளவியலாளருக்குத் திருச்சபை விட்டுக்கொடுத்த சலுகையன்று. மனிதச் செயல் எது என்று கேட்ட நாள் முதல் திருச்சபை கேட்டுவந்த கேள்வியின் தொடர்ச்சியே.

புனித தோமா அக்குவினா விவேகத்தை ஆராயும்போது அதைத் தனித்த ஒரு பண்பாகக் காணவில்லை. கடந்ததை நினைவில் வைத்தல், வருவதை முன்னறிதல், பிறர் அறிவுரைக்குச் செவிகொடுத்தல், இடையூறுகளுக்கு எச்சரிக்கையாய் இருத்தல் எனப் பல உறுப்புகள் அதற்கு உண்டு என்கிறார். இந்த உறுப்புகள் இயங்க மனத்தில் சற்று வெற்றிடம் வேண்டும். வேறோரிடத்தில் அவர், மனிதர் நற்பண்போடு வாழ்வதற்குப் போதுமான அளவு பொருள்கள் தேவை என்றும், அதற்கு வழிசெய்வது ஆள்வோரின் கடமை என்றும் எழுதுகிறார். பொருளே நற்பண்பைத் தந்துவிடாது. ஆயினும் அது அறவே இல்லாத இடத்தில் நற்பண்பைக் கேட்பது, நீர் விடாத வயலில் மகசூல் கேட்பதாகும்.

இந்த நோக்கில் நாம் தொடக்க நூலின் 25-ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தோம். வயல்வெளியிலிருந்து களைத்துத் திரும்பிய ஏசா, ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்காகத் தலைமகன் உரிமையை விற்றுவிட்டான். எத்தனை மறையுரைகளில் நாம் ஏசாவைக் கடிந்திருக்கிறோம்! எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகமும் ஒரு வேளை உணவுக்காக உரிமையை விற்றவன் என்று அவனைக் கண்டிக்கிறது. அதை மறுக்க நாம் துணியோம். ஆனால் அந்த அடுப்பங்கரையில் இருந்தவர்கள் இருவர். ஒருவன் பசித்தவன், மற்றவன் கூழ் வைத்திருந்தவன். யாக்கோபு தன் உடன்பிறந்தவனுக்குக் கூழைக் கொடுத்துவிட்டு, உண்டு முடித்த பிறகு உரிமையைப் பற்றிப் பேசியிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. முதலில் விற்றுவிடு, ஆணையிடு, பிறகு உண் என்றான். உண்டபின் ஏசா விற்கமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். மனித மனத்தின் மார்கழியையும் தையையும் அறிந்திருந்தவன் யாக்கோபு.

திருநூல் அவனையும் விட்டுவிடவில்லை. முதுமையில் அவனே தன் பிள்ளைகளிடம் ஏமாந்தான். இடையில் மாமன் லாபானின் வீட்டில், இராகேலுக்காக உழைத்தவன் லேயாவைப் பெற்று, மறுபடியும் ஏழாண்டு உழைத்தான். கூலியைப் பத்து முறை மாற்றினான் மாமன் என்று புலம்பினான். பிறருடைய இக்கட்டான வேளையை இலாபமாக்கியவனுக்குத் தன் இக்கட்டான வேளை வந்தது.

நம் மண்ணின் வரலாறு இதற்கு வெளியே இல்லை. தலைமுறை தலைமுறையாக இந்த வயல்களில் பண்ணையாள்கள் கட்டுண்டு கிடந்ததில், பஞ்ச மாதத்தில் வாங்கிய நெல்லுக்கும் மணச்செலவுக்கு வாங்கிய பணத்துக்கும் பெரும்பங்கு உண்டு. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் தஞ்சை மறைமாவட்டம் உருவானதும் அதே 1952-இல்தான். கந்து வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழகத்தில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சட்டங்கள் வந்தன, ஆயினும் கூழ்க் கிண்ணத்தோடு காத்திருப்பவர் இன்றும் உளர். கைரேகை வைத்தவனை முட்டாள் என்கிறது ஊர். எந்த மாதத்தில் அந்தத் தாளை நீட்டினார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

ஏழையை இழிவுபடுத்துவதாகாதா?

இங்கே நேர்மையான மறுப்பு ஒன்று உண்டு. ஏழைக்கு அவ்வேளையில் முழுத் தெளிவு இல்லை என்று சொல்வது, அவருடைய விடுதலையையும் மாண்பையும் பறிப்பதாகாதா? 'இவர்களுக்காக நாம்தான் முடிவெடுக்க வேண்டும்' என்ற பழைய ஆண்டைத்தனத்துக்கு அது புதிய ஆயுதமாகாதா?

இந்த அச்சம் நியாயமானது. ஆனால் ஆய்வு சொல்வதைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஏழை அறிவில் குறைந்தவர் என்று அது சொல்லவில்லை; அதற்கு நேர்மாறாகவே சொல்கிறது. தெளிவின்மை அந்த மனிதருக்கு உரியதன்று, அவர் தூக்கும் சுமைக்கு உரியது. சுமையை இறக்கினால் அதே மனிதர் நிமிர்கிறார். அதே சுமையை நம் தலையில் ஏற்றினால் நாமும் தடுமாறுவோம். மாதாமாதம் சோற்றுக்குக் கவலையில்லாமல் பங்கு இல்லத்தில் அமர்ந்து தாளில் கணக்குப் போடுபவரின் விவேகம், முழுவதும் அவருடைய புண்ணியமன்று. அதில் ஒரு பகுதி அவருக்குக் கிடைத்த நிழல். நீதிமொழிகள் நூலின் 30-ஆம் அதிகாரத்தில் ஆகூர் என்பவர், தமக்கு வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம் என்று மன்றாடுகிறார். வறுமையுற்றால் தாம் திருடவும், செல்வமுற்றால் ஆண்டவரை மறுக்கவும் கூடும் என்று அஞ்சுகிறார். தம் நற்பண்பு தம் கையில் மட்டும் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் அந்தத் தாழ்ச்சி எத்துணை அரியது!

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வறுமையின் நடுவிலும் வியத்தகு தெளிவோடு வாழ்பவர்களை நம் பங்குகளில் கண்டிருக்கிறோம். கோவில் காணிக்கைப் பெட்டியில் தன் பிழைப்புக்கு உரிய இரண்டு காசுகளையும் இட்ட கைம்பெண்ணை ஆண்டவர் சுட்டிக்காட்டினார். அவளுடைய செயலை எந்தச் சோதனைத் தாளும் அளக்காது. அருள் அங்கே செயல்பட்டது. ஆனால் மாற்கு நற்செய்தியில் அதற்கு முந்தைய வரிகளில், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரை ஆண்டவர் கண்டிக்கிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவளுடைய வள்ளன்மையைப் புகழ்பவர்கள், அவளிடம் இரண்டே காசு மிஞ்சியது எப்படி என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

நம் கையில் இருந்த கிண்ணம்

இவ்வளவும் எழுதியபின் ஒன்றை மறைத்துவிட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

அந்தப் பெரியவர் எதற்காக அவ்வளவு அவசரமாய்த் தவணை கட்ட வேண்டியிருந்தது என்று நாம் அன்று கேட்கவில்லை. நெடுநாள் கழித்தே அறிந்தோம். முந்தைய ஆண்டு திருவருகைக் காலத்தில் நம் ஆலயத்துக்குப் புதிய கோபுரம் எழுப்பத் தலைக்கட்டு வாரியாக வாக்குறுதி வாங்கினோம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும், பீடத்துக்கு அருகில் மேசை போட்டு, ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் உரக்கப் படித்தோம். தலைவர் எழுந்து தொகையைச் சொல்ல வேண்டும். ஊர் பார்க்க, உறவு பார்க்க, சாமி பார்க்க, எவர் குறைத்துச் சொல்வார்? அவர் சொன்ன தொகை அவருடைய தகுதிக்கு மீறியது. நாம் கைதட்டச் சொன்னோம். அந்தத் தொகைக்காகவே அவர் ஒரு குழுக் கடனில் சேர்ந்தார். அந்தத் தவணைக்காகவே நெல்லை விலை பேசினார். அதற்காகவே நாம் அவரைக் கடிந்துகொண்டோம்.

ஏசாவின் கதையில் நாம் எங்கே இருந்தோம் என்பது அன்று விளங்கிற்று. கோபுரம் இன்று உயர்ந்து நிற்கிறது. அதைப் பார்த்து ஊரார் மகிழ்கின்றனர், நாமும் மகிழ்கிறோம். ஆயினும் அதன் கற்களில் சில, மார்கழியில் வாங்கப்பட்டவை.

அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றோம். "கோயிலுக்குத்தானே சாமி கொடுத்தேன், அதுக்குப் போயி..." என்று அவர் பேச்சை மாற்றினார். அவருடைய மனைவி மட்டும் ஒன்றும் பேசாமல் மோர் கொண்டுவந்து வைத்தார். அந்த அம்மையாரின் மௌனம் நமக்கு இன்றளவும் ஒரு தவமுயற்சியாக இருக்கிறது.

சுமையை இறக்கும் வழி

செய்யத்தக்கது என்ன? அறிவுரை போதாது என்பது தெளிவு. மூழ்குபவருக்கு நீச்சல் பாடம் பயன்படாது. நெகேமியா நூலின் 5-ஆம் அதிகாரம் ஒரு வழி காட்டுகிறது. பஞ்சத்தில் தானியத்துக்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம், எங்கள் பிள்ளைகளையும் அடிமைகளாக விட்டோம் என்று மக்கள் கதறியபோது, நெகேமியா அவர்களுக்குச் சிக்கனத்தைப் பற்றிப் போதிக்கவில்லை. கடன் கொடுத்தவர்களைக் கூட்டி நிறுத்தினார். அடகு பெற்றவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். இணைச் சட்ட நூலோ, மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கக்கூடாது என்றும், கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்றும் விதிக்கிறது. ஏழையின் பொழுது எப்போது இருட்டும் என்பதைச் சட்டம் இயற்றியவர் அறிந்திருந்தார்.

திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வட்டிக் கொடுமையைக் கண்ட பிரான்சிஸ்கன் துறவியர், ஏழைகள் சிறு பொருளை ஈடு வைத்து மிகக் குறைந்த கட்டணத்தில் பணம் பெறும் நிலையங்களை ஏற்படுத்தத் தூண்டினர். 1462-இல் பெருஜியா நகரில் அத்தகைய ஒன்று தோன்றியது. அவை வாங்கும் சிறு கட்டணம் வட்டிப் பாவமோ என்று பெரும் விவாதம் எழுந்தபோது, 1515-இல் திருத்தந்தை பத்தாம் லியோவும் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கமும் அவற்றுக்கு ஒப்புதல் தந்தனர். விதை நெல் போலத் தானியத்தையே கடனாகத் தந்து அறுவடையில் திரும்பப் பெறும் நிலையங்களும் அங்கே இருந்தன.

நம் தாய்மார் உலையில் இடும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கம் நம் பங்குகளுக்குப் புதிதன்று. அதைச் சற்று விரிவாக்கினால் என்ன? தை, மாசியில் வீட்டுக்கு இத்தனை மரக்கால் என்று நெல் சேர்த்து, ஐப்பசி முதல் மார்கழி வரை வட்டியின்றிக் கொடுத்து, அடுத்த அறுவடையில் திரும்பப் பெறும் நெல் வங்கி ஒன்றைப் பங்கு தோறும் தொடங்கலாம். ஒரு குடும்பம் ஒரு மாதம் கூடுதலாகப் பொறுத்திருக்க அது உதவினால், வயலில் நிற்கும் பயிர் அதன் உரிய விலையைக் காணும். கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் என்று நெல் திரும்பும் நாள்களிலும், சாலையோரத்தில் நெல்லைக் காயவைத்துக் காத்திருப்பவருக்கு அது தாங்கலாக இருக்கும்.

காசு செலவில்லாத சில மாற்றங்களும் உண்டு. திருவிழா வரியையும் கட்டட நிதியையும் அறுவடைக்குப் பிறகு கேட்கலாம். பெயர் படித்து வாக்குறுதி வாங்குவதை விட்டுவிடலாம். கிறிஸ்து பிறப்பு விழாவின் ஆடம்பரத்தைப் பங்கே குறைத்துக்கொண்டு, எவரும் கடன் வாங்கிக் கொண்டாட வேண்டாம் என்று பீடத்திலிருந்தே சொல்லலாம். வயல்வேலைக்கு ஆள் வைக்கும் நம் மக்கள் கூலியை அன்றன்றே கொடுக்கலாம். கடன் பத்திரத்தோடு எவரேனும் வந்தால், கையெழுத்திடுமுன் ஒரு நாள் பொறுத்து, தாள் படிக்கத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பேச வழிசெய்யலாம். மனம் கலங்கி உறக்கமும் உணவும் அற்றுப்போனவரை அருள்வாக்கோடு மட்டும் அனுப்பிவிடாமல், அரசு மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்லலாம். மனநல ஆலோசனைக்கென இந்திய அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் சொல்லலாம்.

இறுதியாக மறையுரை பற்றி. 'கவலை கொள்ளாதீர்' என்ற ஆண்டவரின் போதனையை மார்கழியில் எப்படி அறிவிப்பது என்று நாம் நெடுநாள் தயங்கினோம். உண்டவர் வாயிலிருந்து பசித்தவர் செவிக்கு அது செல்லும்போது கடிந்துரையாகவே விழுகிறது. பின்னர் ஒன்று புலப்பட்டது. அந்தப் போதனையைக் கேட்ட சீடர்கள், தூய ஆவியின் வருகைக்குப் பிறகு என்ன செய்தார்கள்? நிலத்தையும் வீட்டையும் விற்றுத் திருத்தூதர் காலடியில் வைத்தார்கள். அவரவர் தேவைக்கு ஏற்பப் பகிர்ந்தளித்தார்கள். அவர்களிடையே வறியவர் எவருமில்லை என்று திருத்தூதர் பணிகள் 4-ஆம் அதிகாரம் சாற்றுகிறது. ஆண்டவரின் அந்தச் சொல், தனி மனிதர் தம் மனத்துக்கு இட்டுக்கொள்ளும் கட்டளையாக மட்டும் அவர்களுக்குப் படவில்லை. ஒருவர் மற்றவருக்கு நிறைவேற்றிக் கொடுக்க வேண்டிய வாக்குறுதியாக அது இருந்தது. அயலாரின் கவலையைக் குறைக்க ஒரு விரலும் அசைக்காதவர், அவரிடம் 'கவலைப்படாதே' என்று சொல்ல உரிமையற்றவர்.

இவ்வாண்டு பொங்கல் திருப்பலியில் புதுநெல் காணிக்கையாக வந்தபோது, அந்தப் பெரியவரும் ஒரு சிறு பையில் கொண்டுவந்தார். பீடத்தில் வைத்துவிட்டு, "இது நெல் வங்கிக்குங்க சாமி. மார்கழியிலே யாருக்காச்சும் ஆகும்" என்று மெல்லச் சொன்னார். அந்த நெல் வங்கிக் கணக்கேட்டை இப்போது அவர்தான் எழுதுகிறார். இதுவரை ஒரு பிழையும் இல்லை.